பார்க்காமல் சொன்ன சரி

இது நான் நேரில் கண்டதல்ல. நேராகக் கேட்டதும் அல்ல. மனநல ஆலோசகர் மங்களேஸ்வரி, பட்டயப் படிப்பு மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வந்த ஒரு சனிக்கிழமை, பாடத்தை விட்டுவிட்டு, தான் செய்த ஒரு தவறைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாராம். அந்த வகுப்பில் இருந்தவள் என் அறைத்தோழி கோமதி. அவள் வந்து எனக்குச் சொன்னாள். அவரிடம் ஆலோசனைக்கு வந்தவருக்கும் அவர் மனைவிக்கும் இதில் வரும் பெயர்கள், சோணைமுத்து உட்பட, நான் வைத்தவை. பஸ் போகும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். மங்களேஸ்வரியின் மனதில் ஓடியதில் எது அவர் சொன்னது, எது கோமதி சேர்த்தது, எது நான் சேர்த்தது என்று இப்போது பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. தவறு மட்டும் அவர் சொன்னபடியே இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. கதைக்குள் அவரை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். மனசுக்குள் யாரும் தன்னை ‘அவர்’ என்று நினைத்துக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணி சோணைமுத்துவுடையது. பத்து ஐம்பத்தைந்துக்கே மங்களேஸ்வரி மின்விசிறியை மூன்றில் வைத்து, பிரம்பு நாற்காலியைச் சற்றுச் சாய்வாகத் திருப்பிப் போட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்து, கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டாள். நேரெதிரே போட்டால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்; சாய்வாகப் போட்டால் வருகிறவர் ஜன்னலையும் பார்க்கலாம், விருப்பப்பட்டால் நம்மையும் பார்க்கலாம். ஏழு வருஷமாக இப்படித்தான். ஏன் என்று கேட்பதில்லை, ஏன் என்று கேட்டால் ஆட்கள் காரணம் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். புத்தி சொல்வதில்லை, அதைச் சொல்ல வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். வராவிட்டாலும் அந்த ஐம்பது நிமிடம் அவர்களுடையதுதான். அதில் வேறு ஒருவரை உட்கார வைப்பதில்லை, செய்தித்தாள் படிப்பதில்லை, போன் பார்ப்பதில்லை. நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். இப்போது பதினொன்று ஐந்து. கீழே சாலையில் மாட்டுத்தாவணி போகும் பஸ் ஒன்று நின்று, இரண்டு விசில் கேட்டு, கிளம்பிப் போனது. அவர் எந்த பஸ்ஸில் வருவார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பஸ்ஸிலா, நடந்தா. கண்டக்டராக இருந்தவர் இப்போது பஸ் ஏறுகிறாரா இல்லையா என்பதே ஒரு கேள்வி, அதை எப்படிக் கேட்காமல் விட்டோம். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் சிக்னலில் போய்விடும். போன வாரம் பத்து ஐம்பத்தெட்டுக்கு வந்தார், அதற்கு முந்தின வாரமும் அப்படியே, எட்டு வாரமும் அப்படியே, டைம் கீப்பரிடம் கையெழுத்துப் போட வருகிறவர் மாதிரி. அந்த ஆளுக்கு ஐந்து நிமிடம் என்பது ஐந்து நிமிடம் இல்லை.

காலையில் மகள் இலக்கியா போன் செய்யாமல் இருந்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது, தெரியாமலே இருந்திருக்கலாம், வந்தவரை உட்காரச் சொல்லி, போன வாரம் எப்படிப் போச்சு என்று கேட்டிருக்கலாம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து அவள் பேசும்போது மங்களேஸ்வரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். “இந்த வாரம் வரலம்மா.” சரி. “இன்டர்னல் தள்ளிப் போயிருச்சு.” சரி. “எனக்குக் காய்ச்சலா இருக்கு.” சரி. “நான் செத்துப் போயிட்டேம்மா.” சரி. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “பாத்தியா, பாத்தியா! செத்துட்டேன்னாலும் சரிங்கிற! உங்கிட்ட வர்ற பேஷன்ட் எல்லாம் பாவம்மா.” பேஷன்ட் இல்லடி, வர்றவங்க. “சரி!” என்றாள் இலக்கியா, அம்மாவின் குரலிலேயே, இழுத்து, ரொம்பப் பொறுமையாக. அந்தக் குரலைக் கேட்டபோதுதான் உறைத்தது. தோசை தீய்ந்தது. தன் குரலை வெளியே இருந்து ஒருநாளும் கேட்டதில்லை, இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு தூரத்தில் இருக்கிற குரல், அதே குரலில் போன வியாழக்கிழமை இந்த நாற்காலியைப் பார்த்து, இல்லை, நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை, பதினொன்று நாற்பத்தாறு, நாற்பத்தேழு இருக்கும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் சொன்னார், “டீ குடிக்கிறதையே விட்டுட்டேன் மேடம்.” அப்புறம் சொன்னார், “நான் ஒருத்தன் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதிதான்.” இவள் சொன்னாள், சரி.

எதற்குச் சொன்ன சரி என்பதுதான் கேள்வி. டீக்குச் சொன்ன சரி கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம், அப்படியும் நடக்கும், வாய் கொஞ்சம் பின்னால் ஓடும். டீ, சரி, இல்லாட்டி நிம்மதி. டீ, இல்லாட்டி நிம்மதி, சரி. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள், காலையில் இருந்து முப்பது நாற்பது தடவை. ஓட்ட ஓட்ட அவர் குரல் தேய்ந்துகொண்டே போகிறது, தன் சரி மட்டும் தேயாமல் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார், அது தெளிவாகவே இருக்கிறது. தலையைத் திருப்பி இவளைப் பார்த்தார். சாய்வாகப் போட்ட நாற்காலியில் எட்டு வாரமாக ஜன்னலையே பார்த்துப் பேசியவர், அன்று திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரி மேடம்” என்று அவரும் சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. சீக்கிரம் எழுந்துவிட்டார், முன்னேற்றம்தான் என்று நினைத்தாள். நினைத்தாள், ஆமாம். முன்னேற்றம். அலமாரியில் இருந்து நோட்டை எடுத்தாள். பேசும்போது எழுதுவதில்லை, போன பிறகு பத்து நிமிடத்தில் நினைவில் இருந்து எழுதுவாள், அதுவும் அவள் வழக்கம். போன வியாழனுக்கு மூன்று வரி இருந்தது. தூக்கம் பரவாயில்லை. மூத்த மகள் கல்யாணப் பேச்சு. டீயை விட்டிருக்கிறார். அவ்வளவுதான், நாலாவது வரி இல்லை. காது கேட்டிருக்கிறது, வாய் பதில் சொல்லியிருக்கிறது, நடுவில் இருக்க வேண்டியவள் வேறு எங்கோ இருந்திருக்கிறாள். எங்கே இருந்தாள் என்பதும் ஞாபகம் வந்துவிட்டது, அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்: வீட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தோமா. மாடித் தொட்டி நிறைந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறதா. ஒரு மனுஷன் அதைச் சொன்ன நேரத்தில் அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது மோட்டார் நின்றுதான் இருந்தது.

சரி என்று சொல்லப் பழகிய இடம் அவளுக்குத் தெரியும். சமையல் காஸ் புகார் எடுக்கும் போன் அலுவலகம், ஒன்பது வருஷம், ஒரே வரிசையில் இருபத்திரண்டு பெண்கள், தலையில் ஹெட்போன். முதல் நாளே சூப்பர்வைசர் சொன்னார்: “ஏம்மா, அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு லைன் கட்டாயிருச்சோன்னு சந்தேகம் வரக்கூடாது. நாலு செகண்டுக்கு ஒரு சத்தம் குடுத்துக்கிட்டே இரு. சரிங்க சார். சரிங்கம்மா. என்னத்தையாவது சொல்லு, இருக்கேன்னு தெரியணும்.” வாலிநோக்கத்தில் உப்பளத்தில் அப்பாவோடு பாத்தி மிதித்துக்கொண்டே பி.ஏ. முடித்து, மதுரைக்கு வந்து, அவள் பிழைக்கக் கற்றுக்கொண்ட முதல் தொழில் வார்த்தை அதுதான். ஒருநாள் ஒரு பெண் கூப்பிட்டு, சிலிண்டர் வரவில்லை என்றாள், சரிங்கம்மா, பதிந்து இருபது நாளாச்சு என்றாள், சரிங்கம்மா, போன வாரம் வீட்டுக்காரர் தவறிட்டார், பதினாறாம் நாளுக்குச் சமைக்கணும் என்றாள். இவளுக்கு வாய் வரவில்லை. நாலு செகண்ட், எட்டு செகண்ட். “லைன்ல இருக்கீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள். இருக்கேம்மா, சொல்லுங்க என்றாள். பதினோரு நிமிடம் பேசினாள் அந்தப் பெண். பதினோரு நிமிடத்துக்காக மங்களேஸ்வரிக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் தபால் வழியில் உளவியல் படிக்க விண்ணப்பம் வாங்கப் போனாள். முப்பத்திரண்டு வயதில், கைக்குழந்தையோடு. எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள், சொல்லாமல் நின்ற எட்டு செகண்டைப் பற்றி. சொல்லிச் சொல்லி, அந்த எட்டு செகண்டால்தான் தான் இந்த நாற்காலிக்கு வந்ததாக நம்பியிருக்கிறாள். ஆனால் கூடவே அந்தச் சரியும் வந்திருக்கிறது, படியேறி, கதவைத் திறந்து, கூடவே உட்கார்ந்திருக்கிறது.

பதினொன்று பத்தொன்பது. கீழே விசில், ஒன்று, நீளமாக. பிறகு இரண்டு, குட்டையாக. நீளமாக ஒன்று என்றால் நிற்க, குட்டையாக இரண்டு என்றால் போக. இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். முப்பது வருஷமாக பஸ் ஏறுகிறாள், அதற்கு முன் கவனித்ததே இல்லை. மூன்றாவது வாரம் சட்டைப் பையில் இருந்து அந்த விசிலை எடுத்து மேஜைமேல் வைத்தார், ஓரம் தேய்ந்த பித்தளை விசில். “இருபத்தாறு வருஷம் மேடம். கூட்டத்துல பின்னாடிப் படியைப் பாக்காமயே தெரியும் எனக்கு, ஆள் இறங்கிட்டாய்ங்களா இல்லையான்னு. பஸ்ஸோட ஆட்டத்துலயே தெரியும். அன்னைக்கும் தெரியும்னு நெனச்சுத்தான் குடுத்தேன்.” மேலூர் விலக்கில் இறங்கிய ஒரு பூக்காரம்மா ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள், ஒரு கால் படியில் இருந்தது, கூடையை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். இவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே இரண்டு விசில் கொடுத்து, ரைட் என்றார், பின்சக்கரம் அவள்மேல் ஏறிவிட்டது. “கேஸு டிரைவர் அண்ணே மேலதான் போட்டாய்ங்க. எம்மேல ஒண்ணுமே இல்ல. ஸ்டேஷன்ல எழுதினவரு சொல்றாரு, நீ சாட்சிப்பா, ஓரமா உக்காருன்னு. சாட்சியாம்! அண்ணே என்னத்தப் பாத்தாரு? நான் சொன்னேன், அவர் எடுத்தாரு.” அப்போது மங்களேஸ்வரி என்ன சொன்னாள்? சரி என்றுதான் சொல்லியிருப்பாள். நல்ல சரிதான் அது, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னது. ஆனால் கேட்கிறவருக்கு நல்ல சரிக்கும் மற்றதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே சத்தம். வேறு மொழிக்காரர்களுக்கு, கேட்கிறேன் என்பதற்கு ஒரு வார்த்தையும், நீ சொல்வதுதான் நியாயம் என்பதற்கு வேறொரு வார்த்தையும் இருக்குமோ என்னவோ. நமக்கு ஒன்றுதான். லைனில் இருக்கிறேன் என்பதும் சரி. அப்படியே செய் என்பதும் சரி.

காலையில் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தை விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள், புதன், செவ்வாய், திங்கள், பரணில் போட்டிருந்ததையும் எடுத்து. அந்த மாதிரி எதுவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது, உடனே வெட்கமாக இருந்தது, போடாமலும் இருப்பார்களே என்று பிறகு தோன்றியது. பதினொன்று இருபத்தாறு. போன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. வராதவருக்குப் போன் போடாதே, உன் பயத்தை அவர் தலையில் இறக்கி வைக்காதே என்பது பயிற்சி வகுப்பில் பிலோமினா டீச்சர் சொல்லிக் கொடுத்தது. அதைப் பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறாள். அவர் மனைவி நம்பரும் இருக்கிறது, முதல் நாள் பாரத்தில், அவசரத்துக்கு என்ற கட்டத்தில்: பாண்டியம்மாள். “அவளுக்குத் தெரியாது மேடம். செட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்” என்றார், பஸ் நிற்கும் செட்டை. இப்போது அந்தம்மாவைக் கூப்பிட்டு என்ன கேட்பது, உங்க வீட்டுக்காரர் இருக்காரா என்றா? இருக்காரா. பச்சை மையில் எழுதிய அதே நோட்டில் பக்கத்தைத் திருப்பினால், உயிர் விஷயம் என்றால் இந்த விதி எதுவும் கிடையாது என்று இருக்கும். டீச்சர் மேஜையைத் தட்டிச் சொன்னது அது, சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். அது தெரியாமல் இல்லை. காலை ஏழரைக்கே தெரியும். ஏழரையில் இருந்து நாலு மணி நேரம், தோசையைத் தூக்கிப் போட்டு, குளித்து, புடவை கட்டி, பஸ் ஏறி, நாற்காலியைச் சாய்வாகப் போட்டு, தண்ணீர் வைத்து, பதினொரு மணிக்கு வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று. கூப்பிடாதவரை அவர் வந்துகொண்டிருக்கிறார். கூப்பிட்டால் வேறு யாராவது எடுக்கலாம். எடுத்து, யாருங்க நீங்க என்று கேட்கலாம். பின்னால் அழுகைச் சத்தம் இருக்கலாம். அதற்குப் பயந்துகொண்டு, இத்தனை நேரமும் விதியைக் காப்பாற்றுகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது பொறுமை இல்லை. இதற்கு வேறு பெயர். அதை நினைத்த மாத்திரத்தில் கை போனை எடுத்துவிட்டது, மணி பார்த்தாள், பதினொன்று முப்பத்தொன்று, சோணைமுத்துவின் பெயரைத் தட்டினாள்.

முதல் மணி காதில் கேட்டது. இரண்டாவது மணி காதிலும் கேட்டது, காலுக்குக் கீழேயும் கேட்டது. பழைய போன்களில் வரும் நாதஸ்வர மெட்டு ஒன்று. முதலில் கீழே ஸ்கேன் சென்டரில் யாருடையதோ என்று நினைத்தாள். போனைக் காதில் இருந்து எடுத்து, துண்டித்தாள். கீழே நாதஸ்வரம் பாதியில் நின்றது. திரும்பக் கூப்பிட்டாள். திரும்ப ஆரம்பித்தது. அதற்குமேல் ஒரு பெண்ணின் குரல், ஸ்கேன் சென்டர் வரவேற்பில் இருக்கிற ஜெசிந்தா: “ஐயா, ஒங்க போன்தான், எடுங்களேன். பத்தே காலுல இருந்து உக்காந்திருக்கீங்க, டோக்கனும் வாங்கல, யாருக்குத்தான் ஸ்கேன்?” ஒரு ஆணின் குரல் மெதுவாக ஏதோ சொன்னது. கர்ப்பிணிகள் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு படியில் செருப்புச் சத்தம், ஒன்று, ஒன்று, நின்று, ஒன்று. மங்களேஸ்வரி எழுந்து நின்றாள். எழுந்து நிற்பது அவள் வழக்கத்தில் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு சோணைமுத்து உள்ளே வந்தார், கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, இவள் துண்டிக்க மறந்திருந்தாள்.

“வரலாமா வேணாமான்னு இருந்துச்சு மேடம்” என்றார், நின்றபடியே. “கீழ உக்காந்துட்டேன். அந்தப் புள்ள யாருக்கு ஸ்கேன்னு கேட்டுச்சு, எனக்குத்தாம்மான்னு சொன்னேன். எத்தன மாசம்னு கேக்குது.” சிரிக்கப் பார்த்தார், முகம் அதற்கு வரவில்லை. மங்களேஸ்வரி நாற்காலியைக் காட்டவில்லை. காலையில் இருந்து தயாரித்த வாக்கியங்கள், எட்டு வாரத்துப் பழக்கம், பச்சை மை, சிவப்பு மை, எதுவும் இல்லை. “போன வாரம் நீங்க ஒண்ணு சொன்னீங்க. நீங்க இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதின்னு. நான் சரின்னு சொன்னேன். சொன்னேன்ல?” அவர் கையில் இருந்த போன் அடித்து ஓய்ந்தது. “நான் கேக்கவே இல்ல. எம் மனசு வீட்டுல இருந்துச்சு. வாய் மட்டும் சொல்லிருச்சு. படியைப் பாக்காம ரைட் குடுத்துட்டேன், சோணைமுத்து.” வெளியே பஸ் ஏதும் வரவில்லை. மின்விசிறி மூன்றில் சுற்றியது. அவர் ரொம்ப நேரம் இவள் முகத்தையே பார்த்தார், எட்டு செகண்ட் இல்லை, அதற்கும் மேலே. “கேட்டுச்சு மேடம்” என்றார். “வீட்டுக்குப் போற வரைக்கும் கேட்டுச்சு. வாரம் பூரா கேட்டுச்சு. படிச்சவங்களே சரின்ட்டாங்கன்னு.” பிறகு பிரம்பு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, சாய்வாக இருந்ததை நேராகத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். முழங்கால்கள் கிட்டத்தட்ட இடித்துக்கொள்ளும் தூரம். சுற்றி வளைக்காமல் கேட்டாள், செத்துப் போகணும்னு நெனைக்கிறீங்களா என்று. கேட்டுவிட்டு எந்தச் சத்தமும் கொடுக்காமல் இருந்தாள். லைன் கட்டாகவில்லை. அவர் பேச ஆரம்பித்தார். அவர் பேசியதை மங்களேஸ்வரி வகுப்பில் சொல்லவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு நிறுத்தவில்லை என்பதையும், ஒரு மணி சுமாருக்கு அவர் தானாகவே பாண்டியம்மாளைக் கூப்பிட்டு, செட்டுக்குப் போகவில்லை, இன்ன இடத்தில் இருக்கிறேன், நீ வா என்று சொன்னதையும், அந்தம்மா வரும்வரை இரண்டு பேரும் ஜெசிந்தா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்ததையும் மட்டும் சொன்னார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, வகுப்பில் இதைச் சொல்லலாமா என்று சோணைமுத்துவிடமே கேட்டாராம். “சொல்லுங்க மேடம், பேரு மட்டும் வேணாம்” என்றாராம்.

கோமதி சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் சரிபார்க்க முடிந்தது. அந்த வியாழனுக்குப் பிறகு மங்களேஸ்வரி தன் அறையில் ‘சரி’ என்ற வார்த்தையைச் சொல்வதே இல்லை என்று கோமதி அடித்துச் சொன்னாள். ஆறு மாதம் கழித்து நானே அந்தப் படி ஏறி, அந்த அறையில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தேன். என் காரணம் இந்தக் கதையைச் சேர்ந்ததல்ல. ஐம்பது நிமிடத்தில் அவர் ‘ம்’ என்றார், ‘கேக்குறேம்மா’ என்றார், பல நேரம் ஒன்றுமே சொல்லாமல் இருந்தார். கோமதி சொன்னது முழுக்க உண்மை இல்லை. ஒரு தடவை சொன்னார். அடுத்த வியாழனும் வர்றேன் மேடம் என்று கதவருகில் நின்று நான் சொன்னபோது, முதலில் என் முகத்தைப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகு சொன்னார்.